வெயிலில் வைத்த பேட்டரிகள்

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வாசலை ஒட்டிய சின்ன அறை. அதில் லைன்களை மாற்றிக் கொடுக்கும் ஒரு போர்டு, ஒரு நாற்காலி, நான். அந்த வேலை எனக்குக் குரலால் கிடைத்தது. இன்டர்வியூவில் என் சான்றிதழ்களை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் பக்கத்து அறைக்குப் போய் அங்கிருந்து போன் செய்தார், நான் எடுத்து இரண்டு வாக்கியம் பேசினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் மனதுக்குள் முதலில் குரலுக்கு மார்க் போட்டுவிடுவேன். முகமெல்லாம் அப்புறம்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் செய்த காரியத்துக்கு மூலம் இந்தப் பழக்கம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். புது இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க ஒன்றரை வருடம் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேசுவார். லைன் கிடைக்க நேரம் பிடிக்கும் என்பதால் என் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். காத்திருக்கும் நேரமெல்லாம் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே இருப்பார். அவருக்கு நான் ஐம்பது மார்க் போட்டிருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அது என்ன பாட்டு என்று கேட்டுவிட்டேன். மறுநாள் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

பாடியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவருடைய மைத்துனி மகள், அவர்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவள். மற்றவன் அவளுடைய பக்கத்து வீட்டுப் பையன், போஸ்ட் ஆபீசில் கடிதம் பிரிப்பவன். இருவருக்கும் சேர்த்து ஒரு கிட்டார், ஒரு சின்ன கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து தாங்களே பாட்டுக் கட்டித் தாங்களே பதிவு செய்வார்களாம். முதல் கேசட்டுக்கு அட்டையைக் கையால் வரைந்து, நூறு பிரதி எடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எப்படியோ சுற்றி, மூன்று நண்பர்கள் நடத்தும் ஒரு சின்ன கம்பெனியின் கையில் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது கேசட்டை அவர்கள் வெளியிட்டார்கள். ரேடியோவிலும் வந்துவிட்டது. ஆனாலும் திங்கட்கிழமையானால் அவள் நூலகத்துக்கும் அவன் போஸ்ட் ஆபீசுக்கும் போய்விடுவார்கள்.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். நம் ஊர்க் கேள்வி.

"இல்லை, பாடுகிறார்கள்" என்றார் அவர்.

எனக்குப் பாட்டைவிட அந்தச் சமையலறைதான் ஆச்சரியமாக இருந்தது. பாட்டு என்றால் எங்களுக்குத் தெரிந்து இரண்டே இடங்களில்தான் விளையும். ஒன்று சினிமா, இன்னொன்று சர்ச். வேலைக்குப் போகிற இரண்டு பேர், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் சொந்த விஷயத்தைப் பாட்டாக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று சாயங்காலமே கேசட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். என் சிநேகிதி அங்கே அண்ணன் வீட்டில் இருந்தாள்; பக்கத்துத் தெருவில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். நாங்கள் இருவரும் கோலார் தங்க வயலில் ஒரே லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் அப்பாக்கள் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். எங்கள் குடும்பம் ஒக்கலிபுரத்துக்கு வந்த இரண்டாம் வருடம் அவர்களும் பெங்களூருக்கு வந்துவிட்டார்கள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் இருபது நிமிடம்.

அவளுக்குக் கட்டைக் குரல். தங்க வயலில் இருந்தபோது, எங்களுக்குப் பன்னிரண்டு வயதில், சர்ச் பாடகர் குழுவில் சேரப் போனோம். குழுவை நடத்தியவர் அவளை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டார். "நீ வாயை மட்டும் அசை கண்ணு, சத்தம் வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவளும் மூன்று கிறிஸ்துமஸுக்கு வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள். அதன் பிறகு நின்றுவிட்டாள். ஆனால் மெட்டு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பால் பொங்குவதைப் பற்றிச் சொல்லச் சொன்னாலும் மெட்டோடு சொல்வாள். எதிரில் இருப்பது நானோ பள்ளிக் குழந்தைகளோ என்றால் மட்டும் பாடுவாள். வேறு ஒருவர் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள்.

உள்ளபடி சொன்னால் நானும் அந்தக் குழு நடத்தியவரின் கட்சிதான். முப்பத்தைந்து மார்க் போட்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

ஸ்வீடன் கேசட்டை அவள் கடைசி வரை கேட்டாள். "இன்னாடி இது, ரெண்டு பேரும் பெருசா ஒண்ணும் பாடலியே. பேசற மாதிரிதான் பாடறாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம கிச்சனும் ஞாயித்துக்கிழமை சும்னேதான் கெடக்குது" என்றாள்.

இப்படித்தான் ஆரம்பித்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, அண்ணன் குடும்பம் முன்னறையில் படுத்ததும் நாங்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வோம். சொட்டுகிற குழாய்க்குத் துணி கட்டுவோம். நான் சர்ச்சில் கற்றுக்கொண்ட கிட்டார், அவளுடைய மெட்டு, அவளுடைய குரல். பாட்டுகளும் எங்கள் விஷயங்கள்தான். விடிகாலையில் தங்க வயலிலிருந்து வரும் ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களைப் பற்றி ஒன்று. கார்ப்பரேஷன் தண்ணீருக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒன்று. "பைப்புல தண்ணி வந்தா எழுப்பு, கனவுல யாரு வந்தாலும் எழுப்பாதே" என்று ஆரம்பிக்கும். அதுதான் எங்கள் முதல் பாட்டு.

பதிவு செய்ய அண்ணனின் டேப் ரெக்கார்டர் இருந்தது. கரண்டில் மாட்டிப் பதிந்தால் கொர்ரென்று ஒரு சத்தம் பாட்டோடு சேர்ந்து விழுந்தது. அதனால் பேட்டரியில் பதிந்தோம். தடித்த பேட்டரி ஆறு வேண்டும். வாரா வாரம் புதிதாக வாங்க யாரால் முடியும்? எங்கள் பக்கத்து எல்லா வீடுகளையும் போலத் தீர்ந்துபோன பேட்டரிகளை வெயிலில் வைத்தோம். வெயில் பட்டால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும். மொட்டை மாடியில் வடகம் காயும் முறத்தின் ஓரத்திலேயே ஆறும் கிடக்கும். அந்த உயிரும் போய்விடக் கூடாது என்பதால் பதிவு செய்வதற்கு மட்டும் பேட்டரி. போட்டுக் கேட்பது கரண்டில்.

முதல் பாட்டைப் பதிந்துவிட்டு, எல்லோரும் எழுந்து டீ குடிக்கும் நேரத்தில் கரண்டில் மாட்டிப் போட்டோம். ஒரு சின்னப் பெண் பாடினாள். பதினான்கு வயது இருக்கும். மெல்லிசாக, பிசிறில்லாமல், உயரத்தில் சுகமாக நின்றுகொண்டிருந்த குரல். என் சிநேகிதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது நானா?"

"டேப்புல எல்லாருக்கும் குரல் மாறித்தான் வரும்" என்றாள் அண்ணி. "எங்க கல்யாண கேசட்டுல நான் பேசறது எனக்கே அடையாளம் தெரியல."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். டேப்பில் கேட்கும் தன் குரலைத் தன் குரல் என்று யார்தான் ஒப்புக்கொள்கிறார்கள்? அவள் அந்தப் பாட்டை ஐந்து முறை போட்டுக் கேட்டாள். ஆறாவது முறை அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது கிட்டாரால்தான். கேசட்டை வீட்டுக்கு வாங்கிப் போய் அதோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தேன். என்ன செய்தாலும் சேரவில்லை. பாட்டு என் கிட்டாரைவிட மேலே இருந்தது. மறுநாள் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அவர் டீயைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார். "பேட்டரி வீக்கா இருந்தா மோட்டார் மெதுவா ஓடும், மெதுவாவே பதியும். அதையே கரண்ட்ல போட்டா சரியான வேகத்துல ஓடும். அப்ப பாட்டு வேகமா வரும், குரலும் ஏறிடும். வேற பேட்டரி போடுங்க மேடம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடத்தான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டது. அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டம்மா எல்லோரும் வீட்டில் இருக்க, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அது வரைக்கும் என் மேல் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்கும் அடுத்த வாரம் அண்ணன் மனமிரங்கிப் புது பேட்டரி ஆறு வாங்கி வைத்திருந்தார். நான் அவற்றை யாருக்கும் தெரியாமல் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மாடிக்குப் போய் முறத்தில் கிடந்த பழையவற்றை எடுத்து வந்து மாட்டினேன். அதுதான் தப்பு. அவள் சந்தோஷத்துக்காகச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு நான் தொண்ணூறு மார்க் போட்டிருந்தேன் என்பதுதான் நிஜம்.

ஏழு வருடத்தில் இருபத்தொரு பாட்டுகள், மூன்று கேசட். பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றில் பிரதி எடுத்தோம். அவள் பள்ளிக் குழந்தைகள் அட்டைக்குக் கலர் அடித்தார்கள். என் ஆபீசில், சர்ச்சில், ஸ்ரீராம்புரம் வீடுகளில் எங்கள் பாட்டு ஓடியது. முதல் கேசட்டை ஊர் திரும்பிவிட்ட இன்ஜினியருக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து அந்த நூலகக்காரியிடமிருந்தே கடிதம் வந்தது. யார் இந்தச் சின்னப் பெண், என்ன வயது என்று கேட்டிருந்தாள். பாட்டு முடியும் நேரத்தில் சுருதி மெல்ல மெல்ல மேலே போகிறதே, அதை எப்படிச் செய்கிறீர்கள், நாங்களும் முயன்றோம், வரவில்லை என்றும் எழுதியிருந்தாள். பாட்டு முடிவதற்குள் எங்கள் பேட்டரிகள் மேலும் களைத்துவிடும், அவ்வளவுதான். என் சிநேகிதிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. "உன் குரலைத்தான் புகழ்ந்து எழுதியிருக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வரும். அவர்கள் இருவரும் மூன்றாவது ஆல்பம் போட்டார்கள். ஜெர்மனிக்குப் போனார்கள், ஒருமுறை ஜப்பானுக்கும் போனார்கள். அதற்கு நூலகத்திலும் போஸ்ட் ஆபீசிலும் லீவு எழுதிக் கொடுத்தார்களாம். பல நாடுகளில் வீட்டிலேயே பாடிப் பதிகிறவர்களின் பாட்டுகளைத் திரட்டி அவர்களுடைய சின்ன கம்பெனி ஒரு சிடி வெளியிட்டது. அதில் ஏழாவதாக எங்கள் தண்ணீர்ப் பாட்டு. சிடி தபாலில் வந்தபோது எங்கள் இருவரிடமும் அதைப் போட்டுக் கேட்க மெஷின் இல்லை. அவள் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய் எல்லாக் குழந்தைகள் கையிலும் ஒருமுறை கொடுத்து வாங்கினாள்.

மேடையில் பாடக் கூப்பிட்டவர்களும் உண்டு. சர்ச்சில், பள்ளி ஆண்டு விழாவில், ஒருமுறை கல்லூரி ஒன்றில். எல்லாவற்றுக்கும் நான்தான் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பேன். ஷிப்ட், தொண்டைக் கட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. "உனக்கு ஸ்டேஜுன்னா பயம். ஒத்துக்கோ" என்றாள். ஒத்துக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

புது நூற்றாண்டு பிறந்த பிறகு வந்த கடிதம் கொஞ்சம் நீளம். நான்காவது ஆல்பத்தைப் பெரிய ஸ்டுடியோவில் பதிவு செய்தார்களாம். அங்கே இயந்திரம் வைத்து நூலகக்காரியின் குரலை அழகாக்கிவிட்டார்கள். அது யாருடைய குரல் என்றே தெரியவில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் பிடித்திருக்கிறதே, எனக்கும் பிடித்திருக்கிறதே என்று அவன் சொல்லியிருக்கிறான். அதோடு நிறுத்திவிட்டோம், சண்டையெல்லாம் இல்லை, தினமும் போஸ்ட் ஆபீசில் அவனைப் பார்க்கிறேன் என்று முடித்திருந்தாள். போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வெட்கமாக இருந்தது.

"அவங்க நிறுத்திட்டாங்களாம்" என்று என் சிநேகிதியிடம் சொன்னேன்.

"ஏனாம்?"

"எழுதல."

"சண்டையா?"

"இல்லியாம்."

"பின்ன ஏன்டி நிறுத்தணும், பைத்தியங்க" என்றாள். பார்த்தே இராத அந்த இருவருக்காக அன்று முழுக்க முகம் வாடியிருந்தாள்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த சில இளைஞர்கள் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹாலில் சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த ஸ்வீடன் சிடி கிடைத்திருக்கிறது. இந்த முறை போன் என் போர்டுக்கு வரவில்லை, அவள் பள்ளிக்குப் போயிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். "ரெண்டே பாட்டு. நீ பயந்தின்னா நான் மட்டும் போறேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மைக்கிலும் எல்லார் குரலும் மாறித்தான் வரும் என்று, டேப்புக்கு அண்ணி சொன்ன சமாதானத்தையே நானும் பிடித்துக்கொண்டேன்.

நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நீலப் புடவையில் வந்து, யாரையும் பார்க்காமல், ஆரம்பித்தாள். வளர்ந்த பிறகு அவள் பாடுவதை அந்தச் சமையலறைக்கு வெளியே நான் கேட்டதே இல்லை. நல்ல ஸ்பீக்கரில் அது ஹால் முழுக்கக் கனமாக, கதகதப்பாக, கம்பளி மாதிரி வந்து மூடியது. "கனவுல யாரு வந்தாலும் எழுப்பாதே" என்று அவள் கீழே இறங்கிய இடத்தில் கிட்டாரில் என் விரல் தவறிவிட்டது. யாரும் அசையவில்லை. இத்தனை வருடம் என் பக்கத்திலேயே இருந்த குரல். நான் போட்ட மார்க்கை நினைத்து என் மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஆட்கள் வந்து பேசினார்கள். சிடி கையோடு ஒரு பெண் வந்தாள், கோயம்புத்தூர்க்காரி.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்கக்கா. சிடில பாடினது உங்க தங்கச்சிங்களா? அவங்க வரலைங்களா?"

என் சிநேகிதி சிரித்தாள். "இல்லம்மா, நான்தான் பாடினது" என்றாள். அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என் சிநேகிதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பஸ் சிவாஜிநகரைத் தாண்டியது. பிறகு, "அந்த சிடியில இருக்கிறது நான் இல்லியா?" என்றாள். நான் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் சொன்னதை, கைப்பையில் போட்டுக்கொண்ட புது பேட்டரிகளை, கடிதங்களில் நான் விட்டுவிட்ட வரிகளை, எல்லாவற்றையும்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதப் பாட்டுலேர்ந்து."

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: "அப்ப என் குரல் உனக்கும் பிடிக்கலியா?"

பிடிக்கும் என்று அப்போது சொன்னால் அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பிறந்த உண்மை. நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். பஸ் நின்றதும் இறங்கி, எனக்குக் காத்திருக்காமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுவிடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவாள். என் அம்மா இறந்தபோது மூன்று நாள் கூட இருந்தாள். பாட்டைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

சில வருடங்களில் எங்கள் தொழிற்சாலையில் போர்டை எடுத்துவிட்டுத் தானாகப் பேசும் கருவியை வைத்தார்கள். "இந்தப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று சொல்வதற்கு என் குரலையே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதிவு செய்தார்கள். பதிந்தவர் நான் மெதுவாகப் பேசிய இடங்களைக் கம்ப்யூட்டரில் வேகமாக்கினார், வேகமாகப் பேசியதை மெதுவாக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் அழுத்துகிறார் என்று குறித்துக்கொண்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, நான்கு சனிக்கிழமை மத்தியானங்களில் இருபத்தொரு பாட்டையும் மெதுவாக்கினேன். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டில் உள்ள கிட்டாரும் மடியில் உள்ள கிட்டாரும் ஒன்றாகச் சேரும் வரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். பேட்டரி களைத்துப்போன இடங்களில் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அந்தச் சின்னப் பெண் கீழே இறங்கி இறங்கி, ஒரு இடத்தில் என் சிநேகிதியாக மாறினாள். பின்னால், கட்டிய துணியையும் மீறி, குழாய் சொட்டுவதும் கேட்டது.

சிடியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பிள்ளைகள் வாங்கிய சிடி பிளேயர் முன்னறையில் இருந்தது. அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டு ஆரம்பித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாவது பாட்டில் உட்கார்ந்தாள். இருபத்தொன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் அவள் எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தானே இருக்குது" என்றாள்.

"ஆமா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "மறுபடி பாடலாமாடி?" என்று கேட்டேன்.

அவள் பிளேயரைத் திறந்து சிடியை எடுத்து, புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்க. நான் தெனமும் இந்தக் குரல்லதான் பேசறேன். நீதான் கேட்டதில்ல."

வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.